பொம்மைத் துப்பாக்கி பொம்மையாகவே தெரியட்டும்!



சுதந்திர தினம், குழந்தைகள் தினம், பள்ளி ஆண்டு விழா என்று விழாக்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில் நம் கடைகளில் சில பொருள்களுக்குத் தனிக் கிராக்கி உண்டு. மாறுவேடப் போட்டிக்கு ஒட்டு மீசை, காந்திக் கண்ணாடி, நேரு தொப்பி, போலீஸ் பெல்ட் என்று தேடி வருவார்கள். அந்த வரிசையில் துப்பாக்கியும் உண்டு. ஒரு பையன் போலீஸ்காரர், இன்னொருவன் ராணுவ வீரன், மூன்றாமவன் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட காட்சியை நடிக்க வேண்டுமானால் கையில் ஒரு கைத்துப்பாக்கி வேண்டுமே! மளிகைக் கடையோடு ஃபேன்சி சாமான்களும் வைத்திருக்கும் நம்மவர்களிடம்தான் பெற்றோர் முதலில் வந்து கேட்கிறார்கள்.

இந்தத் தேவைக்கு இப்போது ஒரு புது வழி வந்திருக்கிறது. சிலிகோன் ரப்பரில் அச்சு எடுத்து, அதில் ரெசின் ஊற்றி வார்க்கும் வேலையை வீட்டு மாடியில் கூடச் செய்யலாம். பெரிய இயந்திரம் வேண்டாம், லட்சக்கணக்கில் முதலும் வேண்டாம். ஆகவே நாளை ஓர் இளைஞர் பையில் நாலைந்து சாம்பிளோடு நம் கடைப்படி ஏறி, “அண்ணாச்சி, பாருங்கள், அசல் போலவே இருக்கும். முதல் அல்ல, விற்ற பிறகு பணம் கொடுங்கள்” என்று சொன்னால் வியப்படைய வேண்டாம். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். நம் பதில் இப்படி இருக்க வேண்டும் என்பது என் கருத்து: “தம்பி, உன் தொழில் நல்ல தொழில். ஆனால் அசல் போல இருப்பதுதான் இந்தச் சரக்கின் குறை.”

சரக்கு உருவாகும் விதம்

வாங்கி விற்கும் பொருள் எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருப்பது வியாபாரிக்கு நல்லது. பண்ருட்டிப் பக்கம் கொலு பொம்மை செய்கிறவர்கள் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சுகளில் வார்த்துச் சேர்ப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். இதுவும் ஏறக்குறைய அதே வழிதான். முதலில் மரத்திலோ களிமண்ணிலோ ஒரு மூல உருவம் செய்கிறார்கள். அதைப் பாதி உயரம் வரை களிமண்ணில் பதித்து, சுற்றிலும் பலகை அடைத்து, மேலே சிலிகோன் ரப்பரை ஊற்றுகிறார்கள். அது இறுகியதும் புரட்டிப் போட்டுக் களிமண்ணை எடுத்துவிட்டு, ஒட்டாமல் இருக்க வாசலின் போன்ற ஒன்றைத் தடவி, மறுபாதியை ஊற்றுகிறார்கள். இரண்டு பாதியும் சரியாகப் பொருந்துவதற்காகச் சில குழிகளை முன்பே வைத்துவிடுவார்கள். பிறகு மூல உருவத்தை எடுத்துவிட்டால் உள்ளே அதே வடிவத்தில் வெற்றிடம் இருக்கும். அதில் ரெசினும் ஹார்டனரும் கலந்து ஊற்றினால், சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ, ரெசினின் வகையைப் பொறுத்து, துப்பாக்கி தயார்.

ரப்பர் அச்சு வளைந்து கொடுப்பதால் பிடியில் உள்ள கோடுகள், திருகாணித் தலை, எழுத்து எல்லாம் அப்படியே விழுந்துவிடும். இதுதான் இந்த முறையின் பலம். ஓர் அச்சு சில பத்து உருப்படிகளுக்குத் தாங்கும், பிறகு கிழியத் தொடங்கும். தொழிற்சாலையில் இரும்பு அச்சில் பிளாஸ்டிக்கைச் செலுத்திச் செய்வது ஆயிரக்கணக்கில் சரக்கு எடுப்பவர்களுக்கு. இது ஐம்பது, நூறு என்று எடுப்பவர்களுக்கு. சிறு வியாபாரிக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் இடையே இயல்பாக நடக்கக்கூடிய வியாபாரம் இது என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு. முழுத் திடமாக வார்த்த பொருளில் குண்டு போட இடமில்லை, குதிரை அசையாது, எதுவும் வெடிக்காது. வெளிநாட்டுச் சினிமாவில் நேர்ந்த விபத்துகளைப் பாருங்கள். 1993 மார்ச் மாதம் ‘தி குரோ’ படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தார். 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். இரண்டு இடத்திலும் கையில் இருந்தது சுடக்கூடிய துப்பாக்கி. ரெசினில் வார்த்த கட்டையாக இருந்திருந்தால் அந்த உயிர்கள் போயிருக்காது. ஆகவே நடிப்புக்கும் வேடத்துக்கும் வார்ப்புத் துப்பாக்கி ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிறகு எங்கே ஆபத்து? அது பொருளில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நுனி நிறம் மட்டும் போதாது

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டே ஒரு சட்டம் செய்தார்கள். பொம்மைத் துப்பாக்கியின் குழல் வாயில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடைப்பு, எடுக்க முடியாதபடி, இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாடகம், சினிமா, டெலிவிஷன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்குத் தர இடம் வைத்தார்கள். அப்படியிருந்தும் 2014 நவம்பர் 22ஆம் தேதி கிளீவ்லாந்து நகரில் தாமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன் பூங்காவில் நகல் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, அசல் என்று எண்ணிய போலீஸ்காரர் சுட்டதில் உயிரிழந்தான். அந்தத் துப்பாக்கியில் இருந்திருக்க வேண்டிய ஆரஞ்சு நுனி நீக்கப்பட்டிருந்தது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மேலே பூசிய பெயிண்ட் சுரண்டினால் போய்விடும். செருகிய அடைப்பு பிடுங்கினால் வந்துவிடும். அடையாளம் என்பது பொருளின் உடம்பிலேயே கலந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2006ஆம் ஆண்டு வந்த வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், அசலோடு பிரித்தறிய முடியாத நகல் துப்பாக்கிகளைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுத்தது. 2007ஆம் ஆண்டு அதன் கீழ் வந்த விதிகள் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய பளிச்சென்ற நிறங்களில் இருப்பதையும், உள்ளே தெரியும்படி கண்ணாடி போல இருப்பதையும் பொம்மைக்குரிய தோற்றமாக ஏற்றுக்கொண்டன. அங்கேயும் நாடகம், சினிமா, அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நம் ஊருக்கு இந்தச் சட்டங்கள் பொருந்தா. ஆனால் புத்திமதி பொருந்தும்.

சிலிகோன் அச்சுக்காரருக்கு இது மிகச் சுலபம் என்பதைக் கவனியுங்கள். ரெசினை ஊற்றும் முன்பே நிறத்தைக் கலந்துவிடலாம். அப்போது சுரண்டினாலும் வெட்டினாலும் உள்ளேயும் அதே ஆரஞ்சுதான், அதே பச்சைதான். தொழிற்சாலைக்காரர் நிறம் மாற்ற ஓட்டத்தையே நிறுத்த வேண்டும். இவருக்கு ஒரு கிண்ணத்தை மாற்றினால் போதும். கறுப்பில் வார்க்க அவர் எடுக்கும் அதே உழைப்பில் நிறத்திலும் வார்க்கலாம்.

“நிறம் போட்டால் வாடிக்கையாளர் வாங்க மாட்டார், அசல் போல் இருந்தால்தான் கேட்கிறார்” என்பார்கள். பள்ளி மேடையில் இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வடிவம்தான் தெரியும். வாஞ்சிநாதன் வேடத்துக்குக் கைதட்டல் விழுவது பையன் வசனத்துக்கு, துப்பாக்கியின் கறுப்புக்கு அல்ல. மேடை முடிந்து அதே பையன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறானே, அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். நகைக்கடை வாசலிலோ பாங்கு வாசலிலோ அவனோ, அவன் அண்ணனோ அதைக் கையில் எடுத்தால் என்ன நடக்கும்? பாங்குக் காவலாளி கையில் இருப்பது பொம்மை அல்ல.

சட்டம் நம் பக்கம் எங்கே நிற்கிறது?

இனி நம் கல்லாவைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020ஆம் ஆண்டு வெளியாகி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்யப்படும் பொருள்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை மீறுவது 2016ஆம் ஆண்டின் இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தச் சட்டம் முதல் தடவைக்கே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்றும், அடுத்த தடவைக்கு 5 லட்சத்துக்குக் குறையாது என்றும் எழுதி வைத்தது. சரக்கு மதிப்பைப் போல் பத்து மடங்கு வரை அது உயரவும் இடம் வைத்தது.

நம்மில் பலர் “செய்தவன்தானே பொறுப்பு, நான் வாங்கி விற்பவன்” என்று நினைக்கிறோம். அது தவறு. அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உற்பத்தியை மட்டும் சொல்லவில்லை. விற்பது, வாடகைக்கு விடுவது, விற்பனைக்காக இருப்பு வைப்பது, கடையில் காட்சிக்கு வைப்பது எல்லாமே அதில் அடங்கும். ஆகவே விற்காமல் ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்தேன் என்பதும், முதல் போடாமல் வைத்துப்போனார் என்பதும் பதில் ஆகாது. நம் கடை அலமாரியில் தொங்கினால் அது நம் சரக்குதான்.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அந்த ஆணையில் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போன்றவற்றைக் காப்பதற்கு வந்த விலக்கு அது. ரெசினில் வார்த்த கைத்துப்பாக்கியைக் காட்டி அந்த நிழலில் ஒதுங்கலாம் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020ஆம் ஆண்டு 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. உள்ளூர்த் தொழில் வளரவே அந்த உயர்வு. அந்தச் சந்தையில் நம் ஊர்ப் பட்டறையும் இடம் பிடிக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் முத்திரையில்லாத சரக்கை நம் தலையில் கட்டி அந்த இடத்தைப் பிடிக்க முடியாது.

இதோடு ஆயுதச் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் துப்பாக்கி நகல் என்பதும் ஒரு வகையாகப் பேசப்படுகிறது. ஆகவே உலோகத்தில் செய்ததும், அசையும் உறுப்புகள் உள்ளதும், குழல் துளையோடு இருப்பதும் நம் கடைக்குள் வரவே வேண்டாம். அத்தகைய பொருளில் வியாபாரம் செய்ய நினைப்பவர் முதலில் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. சிலர் ஏதாவது ஒரு கம்பெனியின் பொம்மைத் துப்பாக்கியையே மூல உருவமாக வைத்து அச்சு எடுத்துவிடுவார்கள். அந்த வடிவம் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருந்தால், வார்த்தவர் மட்டுமல்ல, தெரிந்தே விற்பவரும் வழக்கில் சிக்குவார். “இந்த வடிவம் உங்கள் சொந்த வேலையா?” என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

யாருக்கு விற்கலாம்?

என் கருத்தில் இந்தச் சரக்கை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, பளிச்சென்ற நிறமுள்ள பொம்மை மட்டுமே. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செல்போன் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையா, போலியா என்பது தெரிந்துவிடும். மொத்த வியாபாரிகள் கொள்முதல் செய்யும்போதே இதைப் பார்த்துவிட்டால், கீழே உள்ள நூறு சில்லறைக் கடைக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். முத்திரை பெற்ற சரக்கு கைவசம் இல்லையென்றால், தாயாரிடம் சார்ட் அட்டை, பசை, வர்ணத் தாள் கொடுத்து, “வீட்டிலேயே வெட்டி ஒட்டுங்கள் அம்மா” என்று சொல்லி அனுப்புங்கள். வியாபாரமும் ஆயிற்று, வம்பும் இல்லை.

நாடகக் குழு, சினிமாக் கம்பெனி, புகைப்பட ஸ்டூடியோ போன்றவர்களுக்கு என்றால் வார்ப்புத் துப்பாக்கி பொருத்தமானது. இதை அலமாரியில் தொங்கவிடாமல் ஆர்டர் பெற்று வரவழைத்துக் கொடுக்கலாம். அப்போதும் பெயர், முகவரி, எந்த நிகழ்ச்சிக்கு என்ற விவரத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பில் இல்லாமல் ஓர் உருப்படியும் வெளியே போகக் கூடாது. விமானத்தில் ஊருக்குப் போகிறவர் வாங்கினால், கைப்பையில் பொம்மைத் துப்பாக்கியையும் அனுமதிப்பதில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சாம்பிளைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை சில. முழுக்கத் திடமாக இருக்கிறதா, குழல் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பிசிறும் கூர்மையும் இருந்தால் தேய்க்காத சரக்கு, கையைக் கிழிக்கும். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, கடுமையான நெடி வந்தாலோ ரெசின் சரியாக இறுகவில்லை, திருப்பிக் கொடுங்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். நிறம் உரிந்தால் அது பூசியது, கலந்தது அல்ல. கலந்ததை மட்டும் வாங்குங்கள்.

தீபாவளிக்கு நாம் விற்கும் ரோல் கேப் துப்பாக்கி வேறு, இது வேறு என்பதையும் மறக்கக் கூடாது. வார்ப்புத் துப்பாக்கியில் துளை போட்டு வெடி வைக்கும் வேலைக்கு யார் கேட்டாலும் இடம் கொடுக்கக் கூடாது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் ‘கார்பைடு துப்பாக்கி’ என்ற பெயரில் குழாய்களை விளையாட்டுப் பொருளாக விற்றதால் பல சிறுவர்களின் கண்கள் பாதிக்கப்பட்டன. பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று நம் பழ வியாபாரிகளுக்குத் தடை செய்யப்பட்ட அதே கார்பைடு கல்தான்! தெருவோரத்தில் சில ரூபாய் லாபத்துக்கு விற்ற சரக்கு, ஒரு பிள்ளையின் பார்வையை எடுத்துக்கொண்டது.

மூலப்பொருள் விற்பவர்களுக்கு

ஹார்டுவேர், பெயிண்ட் வியாபாரம் செய்யும் அன்பர்கள் ரெசினும் சிலிகோனும் விற்கிறார்கள். அவர்களுக்கு இரண்டே வார்த்தை. பாலியெஸ்டர் ரெசினுக்குப் போடும் ஹார்டனரையும் கோபால்ட் திரவத்தையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். வாங்க வரும் இளைஞருக்கு, “கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது, அச்சு எடுக்கும் சிலிகோன் எல்லாம் ஒன்றல்ல. பொம்மை வார்க்கப் பயன்படும் மலிவான வகை உணவுக்கு ஆகாது. அதே பட்டறைக்காரர் கேக் அச்சு, சாக்லேட் அச்சு என்று கொண்டுவந்தால், உணவுக்கு ஏற்ற வகை என்பதற்கான சான்று இல்லாமல் மளிகைக் கடைக்காரர்கள் வாங்க வேண்டாம்.

சங்கம் செய்ய வேண்டியது

ஒரு கடைக்காரர் மட்டும் “கறுப்பு வேண்டாம்” என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கட்டுப்பாடு என்பது எல்லோரும் சேர்ந்து வைத்தால்தான் நிற்கும். ஆகவே ஊர்தோறும் நம் சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

ஒன்று: அசல் போல் தோன்றும் கறுப்பு, ஸ்டீல் நிறத் துப்பாக்கிகளை உறுப்பினர் கடைகளில் காட்சிக்கு வைப்பதில்லை. நிறம் உடம்பிலேயே கலந்த சரக்கை மட்டும் வாங்குவது.

இரண்டு: முத்திரையில்லாத பொம்மைகளைக் குழந்தைகளுக்கு விற்பதோ வாடகைக்கு விடுவதோ இல்லை. கையில் இருக்கும் பழைய இருப்பை மொத்த வியாபாரிகள் திரும்பப் பெற்றுக்கொள்வது. சில்லறைக் கடைக்காரர் மட்டும் நஷ்டத்தைச் சுமப்பது நியாயமல்ல.

மூன்று: வார்ப்புத் தொழில் செய்யும் சிறு பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசி, முத்திரை பெறுவதற்கான வழிமுறைகளை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு கூட்டம் நடத்துவது. மாவட்டத் தொழில் மையத்தையும் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலர்களையும் அதற்கு அழைக்கலாம். சட்டம் தெரியாமல் அவர் செய்ய, தெரியாமல் நாம் விற்க, கடைசியில் இருவரும் அபராதம் கட்டுவதில் யாருக்கு லாபம்?

இந்தச் சரக்கு நம் வருட வியாபாரத்தில் ஒரு மூட்டைப் பருப்பின் லாபத்துக்குக்கூட ஈடாகாது. அதற்காக இரண்டு லட்ச ரூபாய் அபராதத்தையும், அதைவிட மேலாக ஒரு பிள்ளையின் உயிரையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. கடைக்கு வரும் பிள்ளைகள் நாளை நம் வாடிக்கையாளர்கள். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் பொருள், தெருக்கோடியில் நின்று பார்த்தாலும் பொம்மை என்று தெரியட்டும்.